நார்ட்டன் 16எச் கிளட்ச் பிளேட் பர்மாவில் எங்கே கிடைக்கும்?

சால்வீன்கரை (மௌல்மெயின்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

தாத்தா ஓட்டிய நார்ட்டன் 16எச் ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. ஜப்பான் சண்டை முடிந்து பட்டாளம் ஊரைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தது என்று பாட்டி சொல்லுவார். டேங்கைச் சுரண்டினால் கறுப்புக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே பட்டாளத்துப் பச்சை. தாத்தாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான். எஞ்சின் தங்கம், இரண்டாவது உதையில் பிடித்துவிடும். தகராறு கிளட்சில்.

ஒரே நேரத்தில் இரண்டு நோய். கைக்தன்லன் பகோடா மேட்டில் இரண்டாவது கியரில் ஏறினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. சரி, ஸ்லிப் ஆகிறது என்று புரிகிறது. ஆனால் கீழே இறங்கி ஸேஜி பக்கம் நெரிசலில் லீவரை முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றால், வண்டி முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. நியூட்ரல் விழாது. பிடித்தால் விட மாட்டேன் என்கிறது, விட்டால் பிடிக்க மாட்டேன் என்கிறது.

செயின் கவரைக் கழற்றிப் பார்த்தேன். பிளேட்டில் இருப்பது கார்க். பாதி கருகி, ஓரம் உதிர்ந்து, தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி இருக்கிறது. பிளேட் செட் ஒன்று வேண்டும். இங்கிலாந்தில் ஒரு கடையில் விலை கேட்டேன், தபால் செலவோடு சேர்த்தால் என் இரண்டு மாதச் சம்பளம். பர்மாவில் எங்காவது கிடைக்குமா?

இன்னொன்று. கிளட்ச் நடுவில் இருக்கும் பெரிய நட்டின் தலையில் பஞ்ச் வைத்து மூன்று புள்ளி குத்தியிருக்கிறது, முக்கோணமாக. அது கம்பெனி அடையாளமா?


ஹோண்டா போதும் (தட்டோன்)

வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு ஒரு ஹோண்டா 125 வாங்குங்கள். பார்ட்ஸ் தெருமுனையில் கிடைக்கும். பேப்பர் இருக்கிறதா உங்கள் நார்ட்டனுக்கு, இல்லை வித்தவுட் வண்டியா?


சால்வீன்கரை (மௌல்மெயின்)

பேப்பர் இருக்கிறது அண்ணே. தாத்தா பெயரில். அது தனி வழக்கு, இங்கே வேண்டாம்.


பினாங்கு 16எச் (பினாங்கு)

நல்ல வண்டி. வைத்துக்கொள்ளுங்கள். யுத்தத்தில் நார்ட்டன் கம்பெனி பட்டாளத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் வண்டி செய்து கொடுத்தது, பெரும்பாலும் 16எச்தான். 490 சிசி, சைடு வால்வு, 79 மி.மீ. போர், 100 மி.மீ. ஸ்ட்ரோக். எச் என்றால் ஹோம். வெளிநாட்டுக் காலனிகளுக்கு என்று ஒரு காலத்தில் 17சி என்று தனியாக ஒன்று செய்தார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பட்டாளத்தோடு வந்து சேர்ந்தது என்னவோ ஹோம் வண்டி.

இன்னொரு வேடிக்கை. ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி கியர்பாக்ஸ் தொழிலை விட்டபோது நார்ட்டன் அந்த வடிவத்தை வாங்கி வேறொரு கம்பெனியிடம் செய்யக் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் பெயர் பர்மன். பர்மிங்ஹாம் ஆசாமிகள். ஆக உங்கள் கியர்பாக்ஸ் பிறக்கும்போதே பர்மாக்காரர்.

விஷயத்துக்கு வருகிறேன். அசலில் அந்த பிளேட்டுகளில் கார்க் கிடையாது, ஃபெரோடோ கம்பெனியின் லைனிங் கட்டைகள். யாரோ பின்னால் கார்க் போட்டிருக்கிறார்கள். மூன்று புள்ளி கம்பெனி அடையாளம் இல்லை.


ஜிபி ரோடு (சென்னை)

ஜி, பிளேட் செட் டெல்லியில் புதிதாகவே செய்கிறார்கள். இங்கே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் எப்போதாவது வரும். ஆனால் தரம் லாட்டரி. நான் ஒரு தடவை வாங்கிய செட்டில் ஐந்து பிளேட்டும் ஐந்து கனம். வாங்கினால் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள், ஓரத்தில் ஃபீலர் கேஜ் நுழைந்தால் அந்த பிளேட் வளைந்தது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பல் முனையில் அரத்தால் ஒரு இழு இழுங்கள். வெண்ணெய் மாதிரி தேய்ந்தால் அது தகர டப்பா.


மோரே எல்லை (மோரே)

நான் மணிப்பூர் எல்லையில் மோரேயில் இருக்கிறேன். எங்கள் குடும்பம் 60களில் பர்மாவிலிருந்து கிளம்பி வந்து, திரும்பிப் போக முடியாமல் இங்கேயே தங்கியது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய அப்படித்தான். முன்பெல்லாம் பிளேட், கேபிள், செயின் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் பர்மாவின் தமுவில் காலையில் கொடுத்தால் மாலையில் கலே ஊருக்குப் போய்விடும். 2023 மணிப்பூர்க் கலவரத்துக்குப் பிறகு அந்தக் கதை முடிந்தது. எங்கள் வழியை இப்போதைக்கு நம்ப வேண்டாம் தம்பி. மியாவடி வழியாக பாங்காக்கில் கேட்டுப் பாருங்கள். வோரச்சாக் பக்கம் பழைய பார்ட்ஸ் கடைகள் உண்டு, தாய்லாந்துக்காரர்களுக்கு இங்கிலீஷ் வண்டி மேல் தனிப் பைத்தியம்.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

மியாவடி ரோடு திறந்திருக்கும் நாளில் லாரிக்காரர்களிடம் சொல்லி வைக்கலாம். ஆனால் திறந்திருக்கும் நாளைச் சொல்லத்தான் ஆள் இல்லை.


பெகு பட்டறை (பெகு)

தம்பிக்கு வணக்கம். எனக்கு எழுபத்தாறு வயது. கண் சரியில்லை, நான் சொல்லச் சொல்லப் பேரன் தட்டுகிறான். பிழை இருந்தால் அவனைத் திட்டவும்.

பிளேட் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். எல்லோரும் கடை சொல்லிவிட்டார்கள். நான் கடை சொல்லப் போவதில்லை. கிளட்ச் நழுவினால் பிளேட்டைப் பார்க்கலாம், அது சரி. ஆனால் நழுவவும் செய்கிறது, இழுக்கவும் செய்கிறது என்றால் பிளேட் பாவம், அதன் மேல் பழி போடாதே. ஒரு காரியம் செய். பிளேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு வரும் பிரைமரி செயினையும் கழற்றிவிட்டு, கிளட்சின் பெரிய பல்சக்கரத்தைக் கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இருக்கும் இடத்தில் விரலால் பிடி. முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்காதே. அந்தச் சாய்வு எல்லா நார்ட்டனிலும் கொஞ்சம் இருக்கும், உள்ளே பேரிங்கில் ஒற்றை வரிசைக் குட்டை உருளைதானே. மேலும் கீழும் தூக்கிப் பார். தூக்கினால் என்ன ஆகிறது என்று சொல்.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

ஐயா, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். டக் டக் என்று சத்தம் வருகிறது. தூக்கினால் கண்ணுக்கே தெரிகிறது, அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம். டிரம்மின் காதுகளில் பிளேட்டின் பல் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. நகத்தை வைத்தால் மாட்டுகிறது.


பெகு பட்டறை (பெகு)

பார்த்தாயா. சக்கரம் நடு மையத்தில் சுற்றவில்லை. நீ லீவரைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் பிரிந்து வழுக்கிப் போக வேண்டும். அந்தப் பள்ளத்தில் பல் மாட்டிக்கொண்டு பிரிய மறுக்கிறது. அதனால்தான் இழுக்கிறது.

அடுத்தது நான் சொல்லட்டுமா? இழுக்கிறதே என்று கேபிளை இறுக்கினாய். எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். இறுக்கியதில் லீவரில் இருந்த தளர்வு போய்விட்டது. தளர்வு போனால் லீவரை விட்ட பிறகும் புஷ் ராடு என்ற கம்பி, பிளேட்டுகளை அமுக்கும் பிரஷர் பிளேட்டை லேசாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் நழுவியது. நழுவியதில் சூடேறிக் கார்க் கருகியது. நீ இங்கே கேட்டது கடைசியாகச் செத்தவனைப் பற்றி.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

இறுக்கினேன் ஐயா. போன வருஷம் வாஸோப் பௌர்ணமிக்கு முந்தி. எப்படித் தெரியும்?


பெகு பட்டறை (பெகு)

ஐம்பது வருஷம் இறுக்கியவன் நான்.

உருளையை வெளியே எடு. அளந்து பார். வெர்னியர் இல்லை என்றால் லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் கேள்.


எம்20 மகள் (ரங்கூன்)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பாவுடைய பிஎஸ்ஏ எம்20 எங்கள் வீட்டு ஹாலில் நிற்கிறது. ரங்கூனில் 2003இல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை வந்ததிலிருந்து அது சாமான்தான், மேலே துணி காயப்போடுகிறோம். பெகுவுக்குக் கொண்டுபோய் ஓட்டலாமா என்று நானும் தம்பியும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கும் கிளட்ச் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். நிறுத்திவிடாதீர்கள்.


பெகு பட்டறை (பெகு)

இருபது வருஷம் நின்ற வண்டியா அம்மா? அது வேறு நோய். பிளேட் துருவில் ஒட்டியிருக்கும். லீவரைப் பிடித்துக் கட்டி வைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். விட்டாலும் விடும். விடவில்லை என்றால் கழற்றிக் கழுவ வேண்டியதுதான். ஸ்குரு டிரைவர் விட்டு நெம்ப வேண்டாம்.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மழை. இந்த ஊர் மழை தெரியும்தானே, வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். கரண்டும் இல்லை.

நடு நட்டு கழன்று வரவே ஒரு நாள் ஆனது. என்னிடம் இருப்பது எல்லாம் மில்லிமீட்டர் ஸ்பானர், ஒன்றும் சரியாக உட்காரவில்லை. கடைசியில் பழைய இரும்புக் கடையில் விட்வர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவில் சாக்கெட் ஒன்று கிடைத்தது. ஹப் சுற்றாமல் இருக்க ஒரு பழைய ஸ்டீல் பிளேட்டில் கம்பியை வெல்டிங் வைத்துப் பிடி செய்துகொண்டேன்.

சக்கரத்தை இழுத்ததும் உருளைகள் கிரீஸோடு உள்ளங்கையில் விழுந்தன. கறுத்த மிளகு மாதிரி. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, லேத் பட்டறை சயாவிடம் (மேஸ்திரியிடம்) கொடுத்தேன். அவர் ஒன்றை அளந்தார், மைக்ரோமீட்டரை ஒரு தடவை துடைத்தார், திரும்ப அளந்தார். 6.00. இன்னொன்று 5.99. எல்லாம் அப்படித்தான். தேய்ந்ததா என்று கேட்டேன். தேய்ந்தால் எல்லாம் ஒரே அளவில் தேயாது, இது பிறந்ததே 6 மில்லிமீட்டர் என்றார்.


பினாங்கு 16எச் (பினாங்கு)

ஆஹா. அது கால் அங்குல உருளை இருக்க வேண்டிய இடம். 6.35 மி.மீ. உருளை ஒவ்வொன்றிலும் 0.35 குறைகிறது. சக்கரத்தின் ஒரு பக்கம் உருளையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் 0.70 இடைவெளி. நீங்கள் கண்ணால் பார்த்த ஆட்டம் அதுதான். யாரோ மில்லிமீட்டர் உருளையைத் திணித்து அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட மெக்கானிக்குகளைப் பிடித்து வைத்து உதைக்க வேண்டும்.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

உதைப்பது இருக்கட்டும் அங்கிள். 6.35 உருளை எங்கே கிடைக்கும்? நார்ட்டன் உருளை என்று கேட்டால் கடைக்காரர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.


ஜிபி ரோடு (சென்னை)

நார்ட்டன் என்ற பெயரையே எடுக்காதீர்கள் ஜி. மோட்டார் சைக்கிள் கடைக்கும் போகாதீர்கள். பேரிங் கடையில் கால் அங்குலத்துக்குக் கால் அங்குலம் உருளை என்று கேளுங்கள். தறி, பிரஸ், ரைஸ் மில் எல்லாவற்றுக்கும் இங்கே அங்குல அளவு பேரிங் இன்னும் ஓடுகிறது. இங்கே எனக்குத் தெரிந்த கடையில் கேட்டுவிட்டேன், இருக்கிறது. ஒரு செட்டும் உதிரியாக நாலும் வாங்கி வைக்கிறேன். ஆனால் முதலில் உருளை ஓடுகிற தடத்தைப் பாருங்கள். ஹப் மேலும் சக்கரத்தின் உள்ளேயும் நகத்தால் தடவுங்கள். வரிவரியாகப் பள்ளம் தட்டினால் புது உருளை போட்டும் பிரயோஜனம் இல்லை.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

தடவிப் பார்த்தேன். சக்கரத்தின் உட்புறம் கண்ணாடி. ஹப்பில் ஒரே ஒரு இடத்தில் நிறம் மாறியிருக்கிறது, நகம் மாட்டவில்லை.

விலை சொல்லுங்கள், எப்படிப் பணம் அனுப்புவது?


ஜிபி ரோடு (சென்னை)

ஒரு பிளேட் பிரியாணிக் காசு. விடுங்கள். ஆள் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.


எம்20 மகள் (ரங்கூன்)

அடுத்த மாதம் என் சித்தப்பா சென்னையிலிருந்து வருகிறார். அவர் பையில் கொடுத்துவிடுங்கள். நான் இங்கிருந்து ஹைவே பஸ்ஸில் கட்டி மௌல்மெயினுக்கு அனுப்பிவிடுகிறேன். என் எம்20க்கு உதவி தேவைப்படும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்!


ஹோண்டா போதும் (தட்டோன்)

உருளை வரட்டும், பிளேட்டுக்கு என்ன வழி? என் மச்சான் லாரி பிரேக் லைனிங் தட்டும் கடை வைத்திருக்கிறார். பழைய லைனிங் மூட்டையாகக் கிடக்கிறது. அதில் வட்டம் வட்டமாக வெட்டி கார்க் இருந்த ஓட்டையில் அடித்துவிடலாமே.

(ஆமாம், நான்தான். சும்மா படித்துக்கொண்டிருந்தேன்.)


எம்20 மகள் (ரங்கூன்)

அண்ணே, பழைய லைனிங் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறேன், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் முப்பது நாற்பது வருஷம் கழித்துப் படத்தில் தெரியும். அதை அறுக்கவும் வேண்டாம், உப்புத்தாள் போடவும் வேண்டாம். பழைய கிளட்ச் டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஈரத்துணி, சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத புது லைனிங் என்று உறுதியாகத் தெரிந்தால் சரி.


ஹோண்டா போதும் (தட்டோன்)

மச்சானிடம் சொல்கிறேன். இருபது வருஷமாக அவர் அதைத்தான் ஊதிக்கொண்டிருக்கிறார்.


பினாங்கு 16எச் (பினாங்கு)

என் ஓட்டு ஃபெரோடோ மாதிரியான புது லைனிங் கட்டைக்குத்தான். கம்பெனி போட்டதைப் போடுவதுதான் முறை. 1897இல் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் குதிரை வண்டிக்குப் பிரேக் கட்டை செய்யத் தொடங்கி வளர்ந்த கம்பெனி அது. அந்தக் கட்டை சூட்டைத் தாங்கும். கார்க் தாங்காது. தம்பியின் பிளேட்டே சாட்சி.


பெகு பட்டறை (பெகு)

பினாங்கு ஐயா சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆனால் நார்ட்டன் செயின் கவர் என்ன கவர்? இரண்டு தகரத் தட்டு, நடுவில் ஒரு ரப்பர் பட்டை, வெளியே ஒரே ஒரு நட்டு. அந்த நட்டை இறுக்கினால் தகரம் வளையும், தளர்த்தினால் எண்ணெய் ஒழுகும். எண்ணெய் கூடப் போனால் ஃபெரோடோ நழுவும், கார்க் நழுவாது. கார்க்குக்கு எண்ணெய் உறவு, சூடு பகை. கேபிளில் தளர்வு வைத்து ஓட்டினால் சூடு வராது. நான் எண்ணற்ற வண்டிக்குக் கார்க் போட்டிருக்கிறேன், எதுவும் மேட்டில் நின்றதில்லை.


பினாங்கு 16எச் (பினாங்கு)

எதுவும் நின்றதில்லையா, நின்றவர்கள் திரும்பி வரவில்லையா?


பெகு பட்டறை (பெகு)

(தாத்தா சிரிக்கிறார், பதில் சொல்லவில்லை. பேரன்.)


சால்வீன்கரை (மௌல்மெயின்)

சண்டை வேண்டாம். கையில் இருப்பது கார்க் ஓட்டை போட்ட பிளேட், அதனால் கார்க்கே போடுகிறேன். ஆனால் கார்க் எங்கே? கேஸ்கட் வெட்டும் கார்க் ஷீட் கடையில் தொங்குகிறது, அது ஆகுமா?


ஜிபி ரோடு (சென்னை)

ஆகவே ஆகாது. அது கார்க் தூளைப் பசை போட்டு அமுக்கியது. ஒரே நாளில் மாவாகிவிடும். முழுக் கார்க் வேண்டும், மரப்பட்டையிலிருந்து வெட்டியது. பள்ளிக்கூட லேப் சாமான் விற்கிற கடையில் சோதனைக் குழாய் மூடுகிற கார்க் அளவு வாரியாக இருக்கும். ஓட்டையைவிட ஒரு சுற்றுப் பெரிதாக எடுங்கள். கண்ணால் பார்த்தாலே தெரியும், பட்டையின் கோடு கோடாக இருக்கும்.


பெகு பட்டறை (பெகு)

சென்னைத் தம்பி விஷயம் தெரிந்தவர். கேள், போடும் முறை சொல்கிறேன்.

கார்க்கை வெந்நீரில் கொதிக்க விடு. நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். மெத்தென்று ஆனதும் சூடாக இருக்கும்போதே கட்டை விரலால் ஓட்டையில் அமுக்கு. சுத்தியல் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு ராத்திரி காயட்டும். உங்கள் ஊர் மழையில் இரண்டு ராத்திரி. காய்ந்த பிறகு புது பிளேடால் சீவி, கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, பிளேட்டை எட்டு போடுகிற மாதிரி தேய். ஒரே பக்கமாகத் தேய்த்தால் ஒரு ஓரம் சாயும். எல்லாக் கார்க்கிலும் ஒரே நிறம் வரும் வரை தேய்க்க வேண்டும். ஒன்று வெளுத்து ஒன்று கறுத்து இருந்தால் கறுத்தது தொடவில்லை என்று அர்த்தம். முடிந்ததும் பூட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி எண்ணெயில் ஊற வை. காய்ந்த கார்க்கைப் பூட்டினால் முதல் மேட்டிலேயே கருகும்.

டிரம் காதில் விழுந்த பள்ளத்தைத் தட்டை அரத்தால் சமன் செய். பள்ளம் மறைந்ததும் நிறுத்திவிடு, அழகு பார்க்காதே. அதிகம் அராவினால் இடைவெளி கூடி திரும்பவும் இடிக்கும்.


பினாங்கு 16எச் (பினாங்கு)

இதற்கு மேல் நான் கார்க்கைப் பற்றிப் பேசவில்லை.

கழற்றியதோடு பிரைமரி செயினையும் பாருங்கள். அரை அங்குல பிட்ச், உள்ளகலம் 5/16 அங்குலம். நல்ல செய்தி என்னவென்றால் இப்போது சின்ன மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்தில் ஓடும் 428 செயினும் அதே பிட்ச், அதே உருளை. 420 வாங்கிவிடாதீர்கள், அது அகலம் குறைவு. 428இன் பக்கத் தகடு கொஞ்சம் தடிமனாக இருக்கலாம், தகரக் கவரில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள். ஹெவி டியூட்டி என்று போட்டது வேண்டாம்.


ஹோண்டா போதும் (தட்டோன்)

கடைசியில் ஹோண்டா பார்ட்ஸ் தானே காப்பாற்றுகிறது.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

ஒன்றரை மாதம் கழித்து.

உருளை வந்து சேர்ந்தது. ஒரு மருந்து டப்பாவுக்குள் பஞ்சு வைத்து, மேலே "வைட்டமின்" என்று எழுதியிருந்தது. ரங்கூன் அக்காவுக்கும் சித்தப்பாவுக்கும் சென்னை அண்ணனுக்கும் நன்றி. லேத் சயா அளந்தார், 6.35. ஒன்று கூட மாறவில்லை. சக்கரத்தை உட்கார வைத்துத் தூக்கினேன். சத்தம் இல்லை. திரும்பத் தூக்கினேன். கையை எடுக்க மனசு வரவில்லை.

புஷ் ராடையும் பார்த்தேன், முனை காளான் மாதிரி விரிந்திருந்தது. சாதாரணக் கம்பியில் யாரோ செய்தது. சயா சில்வர் ஸ்டீலில் புதிது செய்து, முனையைப் பழமாகச் சிவக்க வைத்து எண்ணெயில் முக்கிக் கொடுத்தார். ஸ்பிரிங் மூன்றையும் ஒரே அளவு திருகி, லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக மிதித்தபடி பிரஷர் பிளேட்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்து எழும்பியது. தூங்கி வழிகிற பக்கத்து ஸ்பிரிங்கை அரைச் சுற்று தளர்த்தினேன். அப்புறம் எதிர்ப்பக்கத்தைக் கால் சுற்று. ஒரு மணி நேரம் இதே வேலை. கடைசியில் தட்டு மாதிரி நேராக எழும்பியது. லீவர் முனையில் தளர்வு வைத்தேன், கேபிளை இறுக்கவே இல்லை. எண்ணெய் செயினின் கீழ் ஓட்டம் நனைகிற அளவுக்கு மட்டும். கார் எண்ணெய் ஊற்றவில்லை, ஜாசோ எம்ஏ என்று போட்ட மோட்டார் சைக்கிள் எண்ணெய்.

நேற்று சாயந்திரம் மழை விட்டதும் பகோடா மேட்டுக்குப் போனேன். இரண்டாவது கியரில் ஏறியது. பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி, லீவரைப் பிடித்தபடி நின்றேன். வண்டி நகரவில்லை. காலை எடுத்துவிட்டு நியூட்ரல் போட்டேன். விழுந்தது.

அங்கே நிற்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா எப்போதும் நிற்பதற்கு இருபதடி முன்பே, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்குத் தட்டிவிட்டு வந்து நிற்பார். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். நானும் சின்ன வயதில் சைக்கிளில் அதே மாதிரி காலால் தட்டிக் காட்டுவேன். நின்ற பிறகு அந்த வண்டியில் நியூட்ரல் விழாது என்பதால்தான் அப்படிச் செய்திருக்கிறார்.


ஜிபி ரோடு (சென்னை)

சூப்பர் ஜி. படம் போடுங்கள்.


பெகு பட்டறை (பெகு)

தம்பி, ஒன்று கேட்கிறேன். உன் அப்பா எப்போதாவது பெகுவில் இருந்தாரா?


சால்வீன்கரை (மௌல்மெயின்)

இருந்தார் ஐயா. எனக்கு விவரம் தெரிவதற்கு முந்தி. ரைஸ் மில்லில் கணக்கு எழுதினார் என்பார்கள். ஏன்?


பெகு பட்டறை (பெகு)

நட்டில் மூன்று புள்ளி என்று நீ எழுதிய அன்றே பேரனிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நான் கை வைத்த வண்டிக்கு அப்படித்தான் குத்துவேன். வேறு யாராவது கழற்றினால் எனக்குத் தெரியட்டும் என்று.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று ஒரே நாளில் சொல்லிவிட்டார்கள். கையில் இருந்த பணம் காகிதமாகிவிட்டது. அதற்கடுத்த வாரமோ என்னவோ, மில்லில் வேலை பார்க்கிற ஒருத்தர் கறுப்பு நார்ட்டனைத் தள்ளிக்கொண்டு வந்தார். உருளை உடைந்து போயிருந்தது. அங்குல உருளை ரங்கூனிலும் இல்லை, இருந்தாலும் வாங்க அவரிடமும் பணம் இல்லை, என்னிடமும் இல்லை. ஜப்பான் லாரியின் பழைய பேரிங் ஒன்றை உடைத்து உள்ளே இருந்த உருளையைப் போட்டேன். இது ஆடும், கொஞ்ச நாளைக்கு ஓட்டுங்கள், சரியான உருளை கிடைத்ததும் கொண்டு வாருங்கள், நான் கூலி கேட்க மாட்டேன் என்றேன். நிற்பதற்கு முன்பே நியூட்ரல் போட்டுவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அவர் வரவில்லை. ஊர் மாறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பினாங்கு ஐயா உதைக்க வேண்டும் என்றாரே, என் முகவரியைப் பேரனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.


பினாங்கு 16எச் (பினாங்கு)

ஐயா, அந்த வரியை எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.


சால்வீன்கரை (மௌல்மெயின்)

ஐயா, வெயில் வந்ததும் அந்த வண்டியிலேயே பெகுவுக்கு வருகிறேன். தட்டோன் அண்ணன் வழியில் இருக்கிறார், அவர் வீட்டில் ஒரு லபெயே டீ. பழைய 6 மில்லிமீட்டர் உருளைகளை அதே மருந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.


பெகு பட்டறை (பெகு)

வா. நட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறாய், நாலாவது புள்ளி குத்த வேண்டும். செயின் கவர் ஒழுகுகிறதா?


சால்வீன்கரை (மௌல்மெயின்)

ஒழுகுகிறது ஐயா.